மாட்டுவண்டிக்குப் பின்னால் வரும் பைக்குகள்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே ஜீப்பும் வேனும் மணலில் தடம் பிடித்துத்தான் போய்வந்தன. தார் போட்டதும் போகிற ஆட்கள் மாறினார்கள். ராமநாதசுவாமியைத் தரிசித்துவிட்டு அப்படியே கடலையும் பார்த்துப் போகிறவர்களோடு, அந்தச் சாலைக்காகவே வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபுறமும் கடல், நடுவே வளைவில்லாத நேர்ச்சாலை, குறுக்கே சிக்னல் கிடையாது. மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் பைக்குகள் அங்கே தங்கள் வேகத்தைச் சோதித்துப் பார்க்கின்றன. ராமேசுவரம் தீவுப் பையன்களும் அதையே செய்கிறார்கள். ஒருவன் முன்னால் போகும் வண்டியில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து செல்போனில் படம் பிடிப்பான். அந்தப் படம் இல்லையென்றால் அந்த ஓட்டமே இருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தக் கடற்கரையில் 'பைக் ரேஸ்' என்று ஊரார் அலுத்துக்கொள்ளும் தொல்லையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அதில் பந்தயம் மிகக் குறைவாகவே இருக்கிறது. இரண்டு பேர் கோடு போட்டு நின்று, எல்லை குறித்து, யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பது சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் நடந்திருக்கிறது. போலீஸ் பலமுறை பிடித்தும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் நடப்பது வேறு. பட்டணம்காத்தான் ஈசிஆர் ரவுண்டானாவிலிருந்து தேவிபட்டினம் பக்கமோ கீழக்கரை பக்கமோ கூட்டமாகக் கிளம்புவார்கள். சைலன்சரின் உள்குழாயை எடுத்துவிட்டு, வெடி வெடிப்பதுபோல் சத்தம் வரச் செய்வார்கள். பள்ளிக்கூட வாசலில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் காட்டுவார்கள். மூன்று பேர் ஒரு வண்டியில் ஏறிப் பேருந்தைப் பாம்புபோல் வளைந்து வளைந்து மறிப்பார்கள். யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. பார்க்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 189ஆவது பிரிவுதான் பந்தயத்துக்கு உரியது. மாநில அரசின் எழுத்துமூலமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் மோட்டார் வாகனங்களுக்கிடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த அனுமதிப்பவரும் அதில் கலந்துகொள்பவரும் குற்றவாளிகள் என்கிறது அது. முன்பு ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எழுத்துமூலமான இசைவு' என்ற அந்தச் சொற்கள் வீணாகப் போடப்பட்டவை அல்ல. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் பொதுச்சாலையில் இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. ஆக, பொதுச்சாலையில் பந்தயம் விடுவது தன்னளவிலேயே பாவம் என்று சட்டம் நினைக்கவில்லை. பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் அதன் கேள்வி.

அந்தக் கேள்வியோடு ராமநாதபுரம் கிராமங்களுக்குப் போனால், பொதுச்சாலைப் பந்தயம் என்பதே இங்கே பழைய சங்கதி என்று தெரியும். கோயில் கொடையோ பொங்கலோ வந்தால் கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் இருக்கும். தூரத்தை இன்றும் மைல் கணக்கில்தான் சொல்வார்கள்: 'போக வர எட்டு மைல்'. வண்டிக்கு ஒரு சாரதி, ஒரு துணைச்சாரதி. விழாக் கமிட்டி பெயர் போட்டு நோட்டீஸ் அடிக்கும், காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும், முதல் மாட்டுக்கு இவ்வளவு என்று பரிசை ஊரறிய அறிவிக்கும். வடக்கே தொண்டிப் பகுதி மீனவ ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அங்கேயும் ஊர்க் கமிட்டி உண்டு, எல்லை உண்டு, நடுவர் உண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது இந்தப் பக்கம் எழுந்த கோபத்தில், மாட்டின் மீதுள்ள பாசத்தோடு இந்தக் கமிட்டி மரபின் கௌரவமும் கலந்திருந்தது. 2017 சட்டத் திருத்தமும், அதைச் சரியென்று சொன்ன 2023 மே 18 தீர்ப்பும் வந்த பிறகு அந்தக் கோபம் தணிந்தது.

இப்போது அந்தப் பந்தயங்களின் காணொளி ஏதாவது ஒன்றைப் பாருங்கள். முன்னால் இரண்டு மூன்று ஜோடி மாடுகள். அவற்றுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் சாலை அடைபட பைக்குகள். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, ஒரு கையால் படம் பிடித்துக்கொண்டு, பின்சீட்டில் நின்றபடி ஒருவன் கத்திக்கொண்டு. மாட்டை விரட்டுவதற்கு அந்தச் சத்தமும் உதவுகிறது என்பதால் வண்டிக்காரர் பக்கத்து ஆட்களே சிலர் அதை ஊக்குவிப்பதும் உண்டு. எதிரில் வரும் கார் ஓரம்கட்டி நிற்கும். சட்டப்படி அங்கே பைக் பந்தயம் எதுவும் நடக்கவில்லை. பிரிவு 189 மோட்டார் வாகனங்களுக்கிடையிலான போட்டியைத்தான் பேசுகிறது. மாட்டோடு ஓடுகிற பைக் அதற்குள் வராது. கமிட்டியைக் கேட்டால், தங்கள் பொறுப்பு மாட்டுவண்டி மட்டுமே என்பார்கள். அனுமதி பெற்ற பந்தயத்தின் வாலில் அனுமதி பெறாத ஒன்று தொற்றிக்கொண்டு ஓடுகிறது. பத்து வயதுப் பையன் அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கூட்டமாக ஓட்டுவதன் ருசியை முதன்முதலில் அறிவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்தக் கடற்கரையின் பைக் தொல்லையைப் பெருநகர நோயின் சிறுநகரப் பதிப்பாகப் பார்ப்பவர்கள் பலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. சென்னையின் பந்தய வரலாறு தனி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்களும் பைக்குகளும் பறந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வளர்த்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. 'பையன்களுக்கு ஒரு டிராக் போட்டுக் கொடுங்கள், சாலையை விட்டுவிடுவார்கள்' என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒருவராவது சொல்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு முப்பது வயது தாண்டியும் மெரினா ஓயவில்லையே. தடத்தில் ஓட்ட உரிமமும் உடுப்பும் பணமும் வேண்டும். முக்கியமாக, தடத்தின் ஓரத்தில் அத்தை மகளும் எதிர்த்தெரு ஆட்களும் நிற்க மாட்டார்கள்.

எதிர்த்தெரு என்று சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த மாவட்டத்தில் பைக்கின் வேகத்தைவிட அது எந்தச் சாதியின் தெரு வழியாகப் போகிறது என்பது சில சமயம் பெரிய விஷயம். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரின் நிறம், கட்டிய கொடி, இன்ன இடம் வந்ததும் கூடுகிற ஹாரன் சத்தம் ஆகிய எல்லாவற்றையும் கேட்பவர்கள் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி மாவட்ட நிர்வாகம் தடையுத்தரவு போடுகிறது. வாடகை வண்டியில் வரக்கூடாது, இருசக்கர வாகனத்தில் வரக்கூடாது, சொந்தக் காருக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வண்டியின் கூரையில் ஏறக்கூடாது, குறிப்பிட்ட வழியில்தான் போக வேண்டும் என்று நிபந்தனைகள் நீளும். 2011 செப்டம்பர் 11 பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடுகளின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இளைஞர்கள் கூட்டமாக பைக்கில் வருவது வெறும் போக்குவரத்து விதிமீறல் அல்ல, பொது அமைதிப் பிரச்சினை என்பது மாவட்டக் காவல்துறைக்கு நன்றாகவே தெரியும். அதைக் கையாளும் ஏற்பாடும் அதனிடம் இருக்கிறது. ஆனால் அந்த அறிவு நாள்காட்டியின் இரண்டு சதுரங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மற்ற நாட்களில் அதே கூட்டம் அதே சத்தத்தோடு கடைத்தெருவில் போனால், ஹெல்மெட் இல்லை என்று ஆயிரம் ரூபாய், மூன்று பேர் ஏறியதற்கு ஆயிரம் ரூபாய் என்று சலான் போட்டு அனுப்புகிறார்கள்.

சலானுக்கு மேல் ஏன் போவதில்லை? அபாயகரமாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவிலோ, பாரதிய நியாய சம்ஹிதையின் 281ஆவது பிரிவிலோ வழக்குப் போட்டு நிலைநிறுத்த சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர் டீக்கடைக்காரர், பள்ளி வாசலில் நிற்கும் தாய், ஓரம்கட்டப்பட்ட ஆட்டோக்காரர். 'நம்ம ஊர்ப் பையன், எதுக்கு வம்பு' என்று ஒதுங்கிவிடுவார்கள். வேற்றுச் சாதிப் பையன் என்றால் வம்பு இன்னும் பெரியது. புகார் கொடுத்த மறுநாள் அது பைக் வழக்காக இருக்காது. காவல் நிலையம் வரை போவது யாராவது அடிபட்டு விழுந்த பிறகுதான்.

இதே முட்டுக்கட்டையில் ஜப்பான் ஒரு தலைமுறைக் காலம் நின்றது. 'போசோசோகு' எனப்பட்ட பைக் கும்பல்கள் 1970களில் அங்கே நகரச் சாலைகளை இரவில் அடைத்துக்கொண்டன. சைலன்சரை அறுத்த சத்தம், கொடி, பூ வேலை செய்த நீண்ட அங்கி, மெதுவாகவே போய்ப் பின்னால் வருபவர்களை மறிக்கும் வழக்கம். அவர்களுக்கும் முந்துவது முக்கியமில்லை. 1978-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, பலர் சேர்ந்து வண்டி ஓட்டி மற்றவர்களுக்கு ஆபத்தோ தொல்லையோ விளைவிப்பதையே தனிக் குற்றமாக்கினார்கள். பந்தயம் நடந்ததா என்ற விசாரணை தேவையற்றுப் போனது. ஆனாலும் 1982-இல் கும்பல்களின் உறுப்பினர் எண்ணிக்கை 42,000-ஐத் தாண்டியது. காரணம், தொல்லைக்கு ஆளானவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பழிவாங்கலுக்குப் பயந்து அவர் வரவில்லை. 2004 திருத்தம் அந்தத் தேவையை நீக்கி, போலீஸார் கண்ணால் கண்டதை வைத்தே வழக்குப் போட வழி செய்தது. பிறகு எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. சட்டம் மட்டும் காரணமில்லை. இளைஞர் தொகையே அங்கே சுருங்கியது, பைக் மோகமும் வடிந்தது. இருந்தாலும் செயலுக்கு ஏற்ற சட்டம், பயந்த சாட்சியை நம்பாத விசாரணை ஆகிய இரண்டும் நமக்கு வேண்டியவை. இங்கிலாந்திலும் 2002-இல் வந்த ஒரு சட்டம், கவனமில்லாமல் ஓட்டிப் பிறருக்கு அச்சமோ எரிச்சலோ தரும் வண்டியை ஓர் எச்சரிக்கைக்குப் பிறகு அந்த இடத்திலேயே பறிமுதல் செய்யும் அதிகாரத்தைப் போலீஸுக்குத் தந்தது. அபராதத்தை அப்பா கட்டிவிடலாம். வண்டி இல்லாமல் சனிக்கிழமை கழிவது பையன்தான் பட வேண்டிய பாடு.

நம் பக்கத்தில் சட்டத்தின் இடத்தை நீதிபதிகளின் கோபம் நிரப்பிவருகிறது. 2022-இல் சென்னையில் பந்தயம் ஓட்டிய இளைஞர் ஒருவருக்கு, அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் ஒரு மாதம் உதவியாளராக வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் டிடிஎஃப் வாசனின் பிணை மனுவைத் தள்ளும்போது, அந்த பைக்கை எரித்துவிட வேண்டும், யூடியூப் சேனலை மூட வேண்டும் என்று நீதிபதி கடிந்துகொண்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே, அந்த ஆண்டுத் தீபாவளிக்கு, திருச்சிப் பக்கம் பைக்கில் வாணவெடிகளைக் கட்டி, முன்சக்கரத்தைத் தூக்கியபடி வெடிக்கவிட்ட காணொளி பரவி, போலீஸ் பலரைக் கைது செய்தது. பத்தாண்டுத் தண்டனையைப் பார்த்துப் பயந்தவர்கள் இருக்கலாம். பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கட்டாயம் இருந்தார்கள்.

இந்தக் கடற்கரைக்கே உரிய ஆபத்துகளை ஓட்டுகிறவர்கள் அறியாதவர்கள் அல்ல, பொருட்படுத்தாதவர்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பைக் விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்தால், வண்டி வேகம் குறையத் தொடங்குமுன்பே 42 மீட்டர் ஓடிவிடும். இது நல்ல தார்ச்சாலைக் கணக்கு. தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து தார் மேல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். அதன் மேல் பிரேக் அடித்தால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. உப்புக் காற்றில் செயினும் பிரேக் ஒயரும் சீக்கிரம் துருவேறும். பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைத்ததில்லை. பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் நூற்றைம்பது கிலோ எடையுள்ள பைக்குக்கு அப்படித் தடுக்க ஒன்றும் இல்லை. அந்தப் பாலத்தில் எந்நேரமும் கடலைப் பார்க்க இறங்கி நிற்கும் குடும்பங்கள் உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறந்த பிறகு அதைப் பார்க்கவும் கூட்டம் நிற்கிறது.

ஈசிஆரில் ஆபத்து வேறு விதம். ஏர்வாடி தாண்டிச் சிக்கல், சாயல்குடி வரை இருபுறமும் சீமைக்கருவேலம் சாலை ஓரத்தை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆடு, மாடு புதரிலிருந்து நேராகச் சாலையில்தான் தலைநீட்டும். இரவில் தாரின் சூட்டுக்காக மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். அடிபட்டால் அடுத்த பிரச்சினை தூரம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. தலைக்காயம் என்றால் 'மேல்சிகிச்சைக்காக மதுரைக்குக் கொண்டுசெல்லும் வழியில்' என்ற வரி இந்த மாவட்டச் செய்திகளில் தேய்ந்துபோன வரி. ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது பெரிய நிம்மதிதான். அது பணத்தைத் தரும், தூரத்தைக் குறைக்காது.

2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு இந்தியா முழுதும் சாலையில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இதில் சாகசம் எவ்வளவு, அலுவலகம் போனது எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை; அதிவேகம் என்ற ஒரே கட்டத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

வீட்டுக்குள் வருவோம். இந்தக் கரையில் பல வீடுகளில் அப்பா வளைகுடாவிலோ மலேசியாவிலோ, இல்லை கடலிலோ இருப்பார். பிளஸ் டூ முடித்ததும் மகன் கேட்பது பைக். அம்மா மறுத்தால் சாப்பிட மாட்டான். டியூ கட்டும் பொறுப்பு அப்பாவுக்கு, ஆர்சி புக் மாமா பெயரில், ஓட்டுவது பதினேழு வயதுப் பையன். 2012-இல் கேடிஎம் டியூக் 200 இந்தியாவுக்கு வந்தபோது விலை ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு. திறன் 25 குதிரைத்திறன். முந்தைய தலைமுறை உயிரைக் கொடுத்துக் காதலித்த ஆர்எக்ஸ் 100-இன் திறனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு வந்தவை இன்னும் முறுக்கானவை. பதினெட்டு நிரம்பாதவன் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி என்கிறது 199ஏ பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. கடுமையான பிரிவு. கடுமையாக இருப்பதாலேயே எடுத்துப் பயன்படுத்தத் தயங்கும் பிரிவும் கூட. ஊரில் இல்லாத தகப்பனுக்குப் பதில் தாயை நிறுத்த எந்த ஆய்வாளர் விரும்புவார்? சிறையை விட்டுவிட்டுப் பதிவு ரத்தை மட்டும் தவறாமல் செய்தாலே போதும் என்பது என் கருத்து. வண்டி வீட்டில் நிற்கும்போதும் டியூ ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கைத் தந்தை துபாயிலிருந்தே போட்டுக்கொள்வார்.

சைலன்சரை மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றிக் கொடுத்தவர் பெரும்பாலும் கதையிலேயே வருவதில்லை. ஓர் ஊரில் அந்த வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த முகவரி காவல் நிலையத்துக்குத் தெரியாமல் இருக்காது.

2025 ஜூலையில் பரமக்குடி–ராமநாதபுரம் இடையே 46.7 கிலோமீட்டரை நான்குவழிச் சாலையாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சாலை அகலமானால் எதிரெதிர் மோதல் குறையும், வேகம் கூடும், நேர்ச்சாலையும் நீளும். சத்திரக்குடி போன்ற ஊர்களில் சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அந்த நான்கு வழியைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். எங்கே சுரங்கப்பாதை, எங்கே சர்வீஸ் சாலை என்பதை வரைபட மேசையில் பேசிவிடலாம். கூட்டமாக பைக் வரும் நாட்களில் அந்தச் சாலையில் என்ன செய்வது என்பது அந்த மேசைக்கு வராது. அது ஊர்க் கமிட்டிகளிடம் பேச வேண்டிய பேச்சு. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, பின்னால் பைக் வந்தால் கமிட்டியே பொறுப்பு, வந்தால் அடுத்த ஆண்டு அனுமதி இல்லை என்று ஒரு நிபந்தனையை எழுதி, அதை ஒரே ஒரு முறை நிறைவேற்றிக் காட்டலாம். கமிட்டிக்காரர்கள் முதலில் சண்டைக்கு வருவார்கள். பரிசுப் பணம் போட்டவர்களும் மாடு வளர்த்தவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த பைக் எண்களில் பாதியைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.